ஒரு பாட்டோடு காணாமல் போனவர்களா?

கேள்வி: எழுபதுகளின் அமெரிக்க டிஸ்கோ என்றால் பீ ஜீஸ், போனி எம், அவ்வளவுதானே? மற்ற குழுக்கள் ஒரு பாட்டோடு காணாமல் போய்விட்டன. அவற்றில் கேட்க என்ன இருக்கிறது?

பதில்: நீங்கள் சொன்ன இரண்டுமே அமெரிக்கக் குழுக்கள் இல்லை. போனி எம் மேற்கு ஜெர்மனியில் உருவானது, பீ ஜீஸ் சகோதரர்கள் பிரிட்டிஷ்காரர்கள். டிஸ்கோவின் தாளம் பிறந்த இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவைத்தான் சொல்வேன். அங்கே டிரம்ஸ் வாசித்தவர் ஏர்ல் யங். 1973இல் ஹரால்ட் மெல்வின் அண்ட் த ப்ளூ நோட்ஸ் குழுவின் 'த லவ் ஐ லாஸ்ட்' பாட்டில் தாளத்தின் நான்கு அடிக்கும் பாஸ் டிரம்மை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடித்து, இடையிடையே ஹை-ஹாட்டை (காலால் திறந்து மூடும் ஜோடி உலோகத் தட்டம்) திறந்து மூடி அவர் எழுப்பிய அந்த 'ட்ஸ்... ட்ஸ்...' சத்தம்தான் பிறகு உலகம் முழுக்கப் போனது, நீங்கள் ரசிக்கும் பீ ஜீஸ் வரைக்கும்.

அதே ஏர்ல் யங் இருந்த குழுதான் த டிராம்ப்ஸ். அவர்களுடைய 'டிஸ்கோ இன்ஃபெர்னோ' 1976இல் வந்தபோது, பில்போர்டு என்ற அமெரிக்க ஹிட் பாட்டுகளின் பொதுப் பட்டியலில் பெரிதாக எடுபடவில்லை, 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தில் இடம்பெற்ற பிறகு 1978இல் அதே பட்டியலில் 11ஆம் இடம் வரை ஏறியது. படத்தின் பாட்டுத் தட்டு பீ ஜீஸ் பெயரில் நினைவில் நின்றுவிட்டது, அதே தட்டில் இருந்த இவர்களை மறந்துவிட்டோம். எனக்கு இது உண்மையிலேயே ஆறவில்லை.

அப்புறம் டபுள் எக்ஸ்போஷர். இதுவும் ஃபிலடெல்ஃபியா குழுதான். ஏழு அங்குலத் தட்டில் சில நிமிடங்களுக்கு மேல் அடங்காது, ஆடுகிறவர்களுக்கு அது போதாது. 1976இல் வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜே இவர்களின் 'டென் பெர்சென்ட்' பாட்டை வெட்டி ஒட்டி ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு நீட்ட, அது பன்னிரண்டு அங்குலத் தட்டாகக் கடைக்கு வந்தது. அந்த அளவில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த முதல் சிங்கிள் (ஒற்றைப் பாட்டுக்கான தட்டு) அதுதான் என்று சொல்வார்கள். தட்டில் ஊசி ஓடும் பள்ளம் அகலமானதால் பாஸ் அதிரும்.

சரி, ஏன் காணாமல் போனார்கள்? 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே டிஸ்கோவை வெறுத்தவர்கள் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். டிஸ்கோவே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் அங்கே வந்து சேர்ந்தன என்று மைதானத்தில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் பின்னாளில் சொன்னார். கொஞ்ச காலத்தில் வானொலிகளும் டிஸ்கோவைக் கைவிட்டன. சரக்கு இல்லாமல் போனவர்கள் இல்லை இவர்கள், விரட்டப்பட்டவர்கள்.

இன்று இரவு ஹெட்போன் போட்டுக்கொண்டு 'த லவ் ஐ லாஸ்ட்' கேளுங்கள். பாடுகிறவரை விட்டுவிட்டு ஹை-ஹாட்டை மட்டும் கவனியுங்கள்.