அப்பா ஏன் என் கனவில் வருவதில்லை?

கேள்வி: விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். சின்ன வயதில் தினமும் கனவு காண்பேன். கடலுக்குப் போக ஆரம்பித்த பிறகு அது நின்றுவிட்டது. போன வருடம் அப்பா இறந்தார். அம்மா கனவிலும் தங்கச்சி கனவிலும் வருகிறார், என் கனவில் வரவில்லை. “பாசம் இருந்தால்தானே வருவார்” என்று சித்தப்பா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் ஏதோ கனவு கண்டதுபோல இருக்கும். என்னிடம் என்ன குறை?

– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. சித்தப்பா சொன்னது தவறு. தகப்பனை இழந்த பிள்ளையிடம் யாரும் சொல்லக்கூடாத வார்த்தையும்கூட.

தடைக்காலம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, பதில் அங்கேதான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கிறது. ராத்திரி படுத்தால் விடிந்துதான் எழுகிறீர்கள். மற்ற மாதங்களில்? காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. ஒரு வலையை ஏற்றி அடுத்ததை விடுவதற்குள் கண் அசருவதுதான் தூக்கம்.

தூங்கும்போது இமைக்குள் விழிகள் வேகமாக அசைகிற ஒரு கட்டம் உண்டு. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அதை விவரித்து எழுதினார்கள். அப்போது எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவு கண்டதாகச் சொல்வார்கள். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இந்தக் கட்டம், முதலில் சில நிமிடங்களில் முடிந்துவிடும், விடியப்போகும் நேரத்தில்தான் நீளும். விடியக்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். பலிக்கிறதோ இல்லையோ, நினைவில் நிற்பது பெரும்பாலும் அதுதான். அந்த நேரத்தில் நீங்கள் வலை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்!

இன்னொன்று. அந்தக் கட்டத்தில், நினைவைப் பதியவைக்க உதவும் நோரட்ரீனலின் என்ற ரசாயனம் மூளையில் மிகக் குறைவாக இருக்கும். அதனால் விழித்த சில நிமிடங்களிலேயே கனவு மறந்துபோகிறது. யாராவது தட்டி எழுப்பி நேராக வேலைக்கு ஓடினால் சுத்தமாகப் போய்விடும். ஆகவே அப்பா உங்கள் கனவில் வந்தேகூட இருக்கலாம்.

அலுப்புக்குக் குடிக்கிற பழக்கம் உண்டா? நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். மது முன்னிரவில் இந்தக் கனவுக் கட்டத்தைக் குறைத்துவிடும். மனச்சோர்வுக்குத் தரும் பல மாத்திரைகளும் குறைக்கும். அதற்காக எவரும் மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவில் தங்கி, கனவில் உத்தரவு வரும் என்று காத்திருக்கும் குடும்பங்களையும் இதையே கேட்டுக்கொள்கிறேன். மாற்றுவதும் குறைப்பதும் டாக்டர் பாடு.

சரி, கனவை மீட்க என்ன செய்யலாம்? கடலுக்குப் போகாத இரவுகளில் சீக்கிரம் படுங்கள். அலாரம் வேண்டாம், சத்தம் போட்டு எழுப்ப வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லிவையுங்கள். விழித்ததும் புரளாமல், கண்ணைத் திறக்காமல், போனை எடுக்காமல் அப்படியே கிடங்கள். ஒரு முகமோ, காரணம் தெரியாத ஒரு பயமோ மிஞ்சியிருக்கும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் போங்கள். பிறகு ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள், இரண்டு சொல் போதும். தொடர்ந்து செய்தால் பலருக்கு நினைவு திரும்புகிறது. அப்பாதான் வருவார் என்று மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது.

இரவு முழுக்கத் தூங்கியும் பகலெல்லாம் அசதி, பெருங்குறட்டை, நடுவில் மூச்சடைப்பு என்று இருந்தால் தள்ளிப்போடாமல் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.