வேலைகளில் வரும் பிழைகளை இலக்கணத்தால் உருவாக்குவது: கேள்வி பதில்

படிகளைப் பட்டியலாக எழுதி, ஏதோ ஒன்றை நீக்கினால் பிழை கிடைத்துவிடுமே? இலக்கணம் எதற்கு?

கிடைக்கும், ஆனால் மனிதர்கள் செய்கிற பிழையாக இருக்காது. இங்கே இலக்கணம் என்பது ஒரு வேலை எந்தெந்தப் படிகளாக விரியும் என்று சொல்லும் விதிகளின் தொகுப்பு; → என்றால் 'இப்படி விரியும்' என்று பொருள். நகலெடுக்கும் வேலையைப் பாருங்கள்:

நகலெடுப்பு → மூலத்தைவை அமைப்பு அச்சிடு நகலைஎடு மூலத்தைஎடு
அமைப்பு → தாளளவு எண்ணிக்கை

அவசரத்தில் இருப்பவர் 'அமைப்பு' முழுவதையும்தான் மறப்பார். பட்டியலிலிருந்து ஒவ்வொரு படியாக நீக்கினால் அது அபூர்வமாகவே வரும். விதியில் கைவைத்தால் அந்தக் கிளையே மொத்தமாக விடுபடும். அதனால்தான் பிழையை விதிக்குள் வையுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

பிழை விதிகளை எப்படி எழுதுவது?

'அமைப்பு' வரும் இடத்தில் 'அமைப்பு?' என்று புதுக் குறியீட்டைப் போடுங்கள். அது வழக்கமான அமைப்பாகவோ, வெற்றாகவோ, இருமுறை அமைப்பாகவோ, வேறொரு படியாகவோ விரியலாம். 1972இல் கணினி அறிவியலாளர்கள் ஏஹோவும் பீட்டர்சனும் இலக்கணத்தில் பிழை விதிகளைச் சேர்த்து, தவறுள்ள உள்ளீட்டையும் பகுத்துக் காட்டினார்கள்; அதாவது எந்த விதிகளால் அது உருவாகியிருக்கும் என்று கண்டறிந்தார்கள். நாம் அதே விதிகளை உருவாக்கும் திசையில் ஓட்டுகிறோம், அவ்வளவுதான்.

எல்லாப் பிழைக்கும் ஒரே நிகழ்தகவு தரலாமா?

வேண்டாம். நகல் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாக மனம் எண்ணிவிடும்; மூலத்தாள் கண்ணாடியின் மேலேயே கிடக்கும். நோக்கம் நிறைவேறிய பிறகு மிஞ்சும் படி எளிதில் மறந்துபோகும் என்பதை உளவியல் ஆய்வாளர்கள் பர்னும் போவேரும் 1997இல் ஆராய்ந்து எழுதினார்கள். அந்தப் படியின் விடுபடலுக்கு அதிக எடை கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மீண்டும் செய்வதைக் காட்ட அ → அ அ என்று எழுதி, மற்றொரு விதியாக அ → படி வைத்தால், முதல் விதியின் நிகழ்தகவு 0.5ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சில ஓட்டங்கள் முடியவே முடியாது. சரியாக 0.5 என்றாலும் சராசரி நீளம் முடிவிலிதான்.

ரெகுலர் இலக்கணம் (ஒரு படி, அதன்பின் அதிகபட்சம் ஒரே ஒரு குறியீடு என்று மட்டுமே விதிகள் அமையும் எளிய வகை) போதாதா?

ஒரு வேலைக்குள் இன்னொன்று எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் புகலாம், திறந்ததையெல்லாம் முறையாக மூட வேண்டும் என்றால் போதாது. ஆழத்துக்கு வரம்பு உண்டென்றால் தாராளமாகப் போதும்.

உருவானது உண்மையிலேயே பிழைதானா என்று எப்படித் தெரியும்?

பிழை விதிகள் சேர்க்காத மூல இலக்கணத்தைக் கொண்டு பகுத்துப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் அது பிழையல்ல, ஒதுக்கிவிடுங்கள். தாளளவும் எண்ணிக்கையும் எந்த வரிசையிலும் வரலாம் என்று மூலத்திலேயே விதி இருந்தால், அவற்றை இடம் மாற்றுவது தவறாகாது. அப்புறம், எந்தப் பிழை விதி எங்கே பயன்பட்டது என்பதையும் ஒவ்வொரு வரிசையோடும் சேமித்து வையுங்கள்.