அடைப்பு இல்லாத இதயம் ஏன் தளர்கிறது?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன், வயது 54. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. ஆனால் எக்கோவில் இதயத்தின் பம்பிங் 38 சதவீதம்தான். மைட்டோகாண்ட்ரியா பாதிப்பாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். கோஎன்சைம் க்யூ10 மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: பெரிய ரத்தக் குழாய்களில் ரத்தம் தடையின்றி ஓடுகிறது என்பதை மட்டுமே ஆஞ்சியோகிராம் சொல்லும்; வந்து சேர்ந்த எரிபொருளைத் தசை சக்தியாக மாற்றுகிறதா என்பது அதில் தெரியாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்தின் தசைச் செல்லில், அந்த வேலையைச் செய்யும் மைட்டோகாண்ட்ரியாக்கள் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்திருக்கின்றன.

இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது இதயம் குளுக்கோஸைக் குறைத்துக்கொண்டு கொழுப்பு அமிலங்களையே அளவுக்கு மீறி எரிக்கிறது. அப்போது மிஞ்சும் அசிட்டைல் என்ற சிறு வேதித் துணுக்குகள், மைட்டோகாண்ட்ரியாப் புரதங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் உள்ள இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை நீக்க வேண்டிய சர்ட்3 என்ற நொதியும், அது வேலை செய்யத் தேவையான என்ஏடி என்ற துணைப்பொருளும் தளர்ந்த இதயங்களில் குறைந்து காணப்படுகின்றன. ஒட்டு ஏறிய புரதங்கள் மந்தமாகி செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற பொருளின் உற்பத்தி குறைகிறது என்பது ஒரு தரப்பின் விளக்கம். எலிகளில் ஒட்டு கூடியதால் மட்டும் இதயம் மேலும் கெடவில்லை என்று காட்டிய ஆய்வும் உண்டு என்பதால், இது காரணமா விளைவா என்ற வாதம் ஓயவில்லை. என்ஏடி மாத்திரை விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

மைட்டோகாண்ட்ரியாவின் சக்தி உற்பத்திக்கு உதவும் பொருளான கோஎன்சைம் க்யூ10 பற்றி 2014இல் வெளியான, 420 பேர் பங்கேற்ற ஆய்வில், தினம் 300 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு இதயச் சிக்கல்கள் குறைந்தன. ஆனால் அது சிறிய ஆய்வு. அதை நம்பி வழக்கமான மருந்துகளை விடக் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதன் வேகத்தையும் இது குறைக்கலாம்.

என் யோசனை வேறு. உங்கள் சர்க்கரை மாத்திரை அட்டையின் பின்புறப் பொடி எழுத்தைப் படியுங்கள்: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மினுடன் பியோகிளிட்டசோனும் கலந்திருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், அது உடலில் நீர் கோக்கச் செய்து தளர்ந்த இதயத்துக்குப் பாரமாகும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் ஆகியவற்றில் ஒன்று பொருந்துமா என்று, சிறுநீரகப் பரிசோதனை முடிவுடன் கேளுங்கள். சர்க்கரைக்கு வந்த இம்மருந்துகள் இதயத் தளர்ச்சிக்கும் பயன்படுகின்றன. துறைமுகத்துக் கருவாட்டின் உப்பு இனி வேண்டாம். காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன், எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அடுத்த முறை தேதிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.