கொல்லைக் கோழி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: வீட்டுக் கொல்லையில் ஆறு சிறுவிடை நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். இருந்த சேவலை நாய் கடித்துவிட்டதால், சேலம் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து ஐந்து மாதக் கருங்கோழிச் சேவல் ஒன்று வரவழைத்தேன். அட்டைப்பெட்டியில் ராத்திரி முழுக்க வேனில் வந்தது. காலையில் பெட்டியைத் திறந்து கோழிகளோடு விட்டேன். இன்றோடு நான்கு நாள் ஆகிறது. விறகு அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது, கோழிகள் விரட்டி விரட்டிக் கொத்துகின்றன, நான் கிட்டப் போனால் சுவரில் மோதிக்கொண்டு பறக்கிறது, ஒருநாளும் கூவவில்லை. பணம் வீணா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: வீண் இல்லை, சகோதரி. ஆனால் பெட்டியைத் திறந்த கையோடு கூட்டத்தில் விட்டது தவறு. அதை இன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

முதலில் அந்தச் சேவலின் நிலையைப் பாருங்கள். பிறந்ததிலிருந்து ஒரே கொட்டகை, ஒரே வயதுக் குஞ்சுகள், ஒரே ஆளின் குரல் என்று வளர்ந்தது, இருட்டுப் பெட்டியில் தண்ணீரில்லாமல் குலுங்கிக்கொண்டு வந்து, கண் திறந்தால் முன்பின் தெரியாத ஆறு கோழிகள் நடுவில் நிற்கிறது. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நூறு வருஷத்துக்கு முன்பே நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார், நம் பாட்டிகளுக்கோ அதற்கும் முன்பே தெரியும். உங்கள் ஆறும் அந்த வரிசையை எப்போதோ முடிவுசெய்துவிட்டன. புதிதாக வந்தது கடைசியில்தான் நிற்கும், சேவலாக இருந்தாலும் சரி. ஐந்து மாத விடலைச் சேவலை முட்டையிடும் வயதுக் கோழிகள் மதிக்கவே மதிக்காது. ஏழு, எட்டு மாதத்தில் உடம்பு கூடி, கால் முள் தடித்த பிறகுதான் அதன் பேச்சு எடுபடும். அதனால் கொத்து வாங்குவதைப் பார்த்து "இது சரியில்லாத சேவல்" என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்று சாயந்திரம் கோழிகள் அடைந்த பிறகு, நன்றாக இருட்டியதும் போய்ப் பிடியுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, ஓடாது. இரண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்தாற்போலத் தூக்குங்கள், காலை மட்டும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். தனிக் கூண்டிலோ, பெரிய பஞ்சாரத்திலோ, கோழிகள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். மூன்று வாரம் அங்கேயே இருக்கட்டும்.

மூன்று வாரமா என்று கேட்பீர்கள். பயம் தெளிவதற்கு மட்டும் இவ்வளவு நாள் சொல்லவில்லை, நோய்க்காகவும்தான். வெள்ளைக்கழிச்சல் கிருமி உள்ளே போய் வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம். பல வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான், பார்க்க மினுமினுவென்று இருந்த ஒரு சேவலை வாங்கி வந்த அன்றே கூட்டத்தில் விட்டேன். பத்து நாளில் ஒன்பது கோழிகளைப் புதைத்தேன். கடைசியாகப் போனது கழுத்து திருகிக்கொண்டு என் மடியிலேயே செத்தது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்களிடம் நான்கு நாள் ஏற்கெனவே ஒன்றாக இருந்துவிட்டதால் அந்த ஆறையும் சேர்த்தே கவனியுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிச்சல், மூக்கில் சளி, மூச்சில் கரகரப்பு, ஏதாவது ஒன்று தெரிந்தாலும் கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு எட்டாவது வாரத்தில் போடும் ஆர்2பி தடுப்பூசி போட்டார்களா என்று விற்றவரிடம் கேளுங்கள். போடவில்லை என்றால் சேவல் தெம்பாகும்வரை பொறுத்து, மருத்துவர் சொல்லும் நாளில் போடுங்கள்.

சாதாரணச் சேவலுக்குக் கொண்டை வெளுத்தால் உடம்பு சரியில்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கருங்கோழிக்குக் கொண்டையே கருப்பு, அதனால் அந்த அடையாளம் உதவாது. கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி புடைத்திருக்க வேண்டும், விடியற்காலையில் காலியாக இருக்க வேண்டும். ராத்திரியும் காலியாகவே இருந்தால் தின்னவில்லை என்று அர்த்தம். காலையிலும் கல் மாதிரி கெட்டியாக இருந்தால் செரிக்கவில்லை.

தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். முதல் இரண்டு நாள் அதில் கொஞ்சம் வெல்லம் கரைக்கலாம். குருணை, கம்பு, ஈரத் தவிடு போதும், பண்ணையில் தின்ற தீவனம் கிடைத்தால் அதையும் கலந்து கொடுத்து மெல்ல மெல்ல மாற்றுங்கள். கூண்டின் ஒரு பக்கத்தைச் சாக்குப் போட்டு மூடுங்கள், ஒளிய ஒரு இடம் இருந்தால்தான் வெளியே எட்டிப் பார்க்கத் துணிச்சல் வரும்.

உங்களிடம் பழக வைக்க ஒரே வழி, நீங்கள் அதைப் பிடிக்கப் போகாமல் இருப்பது. தினமும் ஒரே நேரத்தில் கூண்டுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள், அதன் கண்ணை நேராகப் பார்க்காதீர்கள், உங்கள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருங்கள். கரையான் கிடைத்தால் ஒரு பிடி கொண்டுபோய் முதல் நாள் தள்ளிப் போடுங்கள், அடுத்த நாள் கொஞ்சம் கிட்ட. ஒருநாள் கழுத்தை நீட்டி, ஒரு காலைத் தூக்கியபடி யோசித்து, சட்டென்று உங்கள் விரல் நுனியிலிருந்து ஒரு கரையானைக் கொத்திக்கொண்டு பின்வாங்கும். அப்போது கையை அசைக்கவே கூடாது, தடவிக் கொடுக்க ஆசைப்பட்டால் பத்து நாள் வேலை போய்விடும்.

மூன்று வாரம் நோய் இல்லாமல் கழிந்தால் கூண்டைக் கோழிகள் மேயும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கம்பி வழியாக ஒரு வாரம் பார்த்துக்கொள்ளட்டும், கூண்டின் இரண்டு பக்கமும் தீனி போட்டால் சேர்ந்து தின்னப் பழகும். அப்புறம் ஒரு சாயந்திரம், அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்து விடுங்கள். சண்டை பெரிதாவதற்குள் இருட்டிவிடும். தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி இருக்கட்டும், ஒரே தட்டு என்றால் மூத்த கோழி அதைக் காவல் காத்துக்கொண்டு நிற்கும். விறகு அடுக்கை அதற்கு முன்பே சரிசெய்யுங்கள். ஒரு வழி மட்டும் உள்ள சந்தில் மாட்டிக்கொண்டால் தப்ப முடியாமல் கொத்து வாங்கும், சுவரோரம் பலகையைச் சாய்த்து வைத்தால் இரண்டு பக்கமும் ஓடலாம்.

கூவாததைப் பற்றிக் கவலை வேண்டாம், பயந்த சேவல் கூவாது. அது தீனியைக் கண்டதும் தான் தின்னாமல் "கொக் கொக்" என்று கோழிகளைக் கூப்பிடுகிறதா, ஒரு இறக்கையைத் தாழ்த்தி அரைவட்டம் அடிக்கிறதா என்று பாருங்கள். அப்படிச் செய்து கோழிகளும் ஓடி வந்தால் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கொத்து வாங்கி ரத்தம் வந்துவிட்டால் விட்டுப் பிடிக்கலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: கூடாது. ரத்தத்தைப் பார்த்தால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். உடனே பிரித்து, காயத்தைக் கழுவி மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள், காய்ந்து தோல் மூடிய பிறகு விடுங்கள். தோகை நாலு உதிர்வதும் ஓட ஓட விரட்டுவதும் சாதாரணம், அதற்கெல்லாம் குறுக்கே போக வேண்டாம்.

கேள்வி: ஐந்து கோழிகளும் ஒரு பெருவிடைச் சேவலும் இருக்கின்றன. அழகுக்காக இன்னொரு சேவல் சேர்க்கலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம். ஒன்றுக்கு மேல் சேவல் வைத்தால் ஒரு சேவலுக்கு எட்டு, பத்துக் கோழியாவது இருக்க வேண்டும். ஐந்து கோழிக்கு இரண்டு சேவல் என்றால் கோழிகளின் முதுகுத் தோகை மிஞ்சாது, பெருவிடை சண்டையில் லேசில் விட்டுக்கொடுக்கிற இனமும் இல்லை. ஆசை தீரவில்லை என்றால் தனிக் கூண்டும் தனி மேய்ச்சல் இடமும் ஏற்பாடு செய்துவிட்டு வாங்குங்கள்.