கணினி கேள்வி பதில்: பின்னேரம் மட்டும் விட்டு விட்டு வரும் வைஃபை

கேள்வி: ஐயா, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நான் ஒரு நிறுவனத்தின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். ரவுட்டர் முன் ஹோலில், நான் வேலை செய்வது பின்னறையில். பகலில் லப்டொப்பில் வைஃபை ஒழுங்காக இருக்கும். பின்னேரம் ஆனால் விட்டு விட்டு வரும். அன்றன்றைய கணக்கை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்கும் நேரம் பார்த்துத்தான் மேலாளரும் அழைப்பார். குரல் அறுந்து அறுந்து கேட்கிறது. மகனின் போன் அதே அறையில் ஒரு தடையும் இல்லாமல் ஓடுகிறது. கடையில் ரவுட்டரை மாற்றச் சொன்னார்கள். தெரிந்த தம்பி ஒருவர் விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்கிறார். வயர்லெஸ் மவுஸும் பழசு, பின்னேரங்களில் திரையில் துள்ளித் துள்ளிப் போகிறது. அதையும் சேர்த்து மாற்றிவிடவா?
வெள்ளவத்தை வாசகி

பதில்: ரவுட்டருக்கு என்று காசு எடுத்து வைத்திருந்தால் அதை அப்படியே வைத்திருங்கள். விண்டோஸிலும் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். மகனின் போன் ஓடுகிறது என்றால் வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறை இல்லை. ரவுட்டரும் உயிரோடுதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய மவுஸ். வயர்லெஸ் மவுஸ் பேசுவது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில். பழைய வைஃபையும் அதே அலைவரிசைதான். இரண்டும் ஒரே நேரத்தில் தடுமாறுகின்றன என்றால், பக்கத்தில் ஏதோ ஒன்று அந்த அலைவரிசையில் இரைச்சல் போடுகிறது. அந்த நேரத்தில் மேசைக்குப் புதிதாக வருவது எது? உங்கள் ஹார்ட் டிஸ்க்.

நம்ப முடியாமல் இருக்கலாம். ஆனால் இது தெரிந்த விஷயம். யூஎஸ்பி 3 வேகத்தில் ஓடும் டிஸ்க், அதன் வயர், செருகும் இடம் எல்லாமே 2.4 கிகாஹேர்ட்ஸைச் சுற்றி இரைச்சலைக் கசியவிடுகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. லப்டொப்பின் வைஃபை அன்டெனா பெரும்பாலும் திரையின் விளிம்புக்குள் இருக்கும். டிஸ்க் அதற்கு ஒரு சாண் தூரத்தில். ரவுட்டரோ இரண்டு சுவருக்கு அப்பால். காதுக்குள் ஒருவர் கத்திக்கொண்டிருந்தால் முன் ஹோலில் இருந்து கூப்பிடுவது கேட்குமா?

போனில் ஏன் பிரச்சினை இல்லை என்று கேட்பீர்கள். அது வைஃபையின் இன்னோர் அலைவரிசையான 5 கிகாஹேர்ட்ஸில் இணைந்திருக்கக்கூடும். டிஸ்க்குக்குப் பக்கத்திலும் அது இருப்பதில்லை.

சரி, இதை நிச்சயப்படுத்துவது எப்படி? தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சி எம் டி என்று அடித்தால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் பிங் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரி, மறுபடி இடைவெளி, பிறகு ஒரு சிறு கோடும் டீ எழுத்தும். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1, சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1. ரவுட்டர் பதில் சொல்ல எடுக்கும் நேரம் வரி வரியாக மில்லி செக்கன் கணக்கில் ஓடும். டிஸ்க் இல்லாமல் கொஞ்ச நேரம் பாருங்கள், எண்கள் சிறிதாக இருக்க வேண்டும். இப்போது டிஸ்க்கைச் செருகி ஒரு பெரிய கோப்பைப் பிரதி எடுக்கத் தொடங்குங்கள். எண்கள் நூற்றுக்கணக்கில் ஏறினாலோ, ‘டைம்ட் அவுட்’ என்று வந்தாலோ கள்ளன் பிடிபட்டான்.

திருத்துவதற்குச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. டிஸ்க்கின் வயர் நுனி தட்டையாக, நடுவில் ஒரு வெட்டுடன் இரண்டு துண்டு போல இருக்கிறதா? அப்படியானால் டிஸ்க்கில் உள்ள துளையின் பெரிய பாதிக்குள் பழைய அன்ட்ரொயிட் போனின் சார்ஜர் வயர் பொருந்தும். அதைப் போட்டால் டிஸ்க் யூஎஸ்பி 2 வேகத்துக்கு இறங்கிவிடும், இரைச்சலும் போய்விடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயர் சரிவராது. தரவும் போகிற வயராகப் பாருங்கள். வேகம் குறையும்தான். ஆனால் ஒரு நாள் கணக்குக் கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்துவிடப் போகிறது? உங்கள் டிஸ்க் வேறு மாதிரியானது என்றால், லப்டொப்பில் உட்பக்கம் நீலமாக இல்லாமல் கறுப்பாக இருக்கும் துளையில் செருகிப் பாருங்கள், அது பெரும்பாலும் யூஎஸ்பி 2. இல்லாவிட்டால் கொஞ்சம் நீளமான நல்ல வயர் வாங்கி டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள். மவுஸின் சின்னக் குச்சியை டிஸ்க் இருக்கும் பக்கத்தில் செருகாதீர்கள். மவுஸை மாற்றவும் அவசரப்பட வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு, லப்டொப்பையும் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுவது. ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். 5இன் பெயர் போனில் தெரிந்து லப்டொப்பில் தெரியாவிட்டால், உங்கள் வைஃபை கார்டுக்கு அது தெரியாது என்று பொருள். தெரிந்தாலும் ஒன்று: 5 கிகாஹேர்ட்ஸ் சுவர் தாண்டுவதில் பலவீனம்.

டிஸ்க் இல்லாமலும் அறுந்தால் வேறு கதை. பின்னேரம் எல்லோரும் வீடு திரும்ப, தொடர்மாடி முழுக்க வைஃபை நெரிசல்தான். ரவுட்டரில் 2.4இன் சனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் பாதையை, 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதற்கு மாற்றுங்கள். திரையை முன்னே பின்னே சாய்க்கும்போது மட்டும் அறுந்தால், கீல் வழியே போகும் அன்டெனா வயர் தேய்ந்திருக்கலாம். அப்போதுதான் கணினிக் கடைகள் உள்ள பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் பெயர் இடைக்கிடை எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக மறைந்து, கொஞ்ச நேரத்தில் தானாக வருகிறது. 2.4 மறைவதில்லை. ரவுட்டர் பழுதா?
கல்கிசை வாசகர்

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. 5 கிகாஹேர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சனல்களில் பலவற்றை விமான, வானிலை ராடர்களும் பாவிக்கின்றன. ராடர் போன்ற சமிக்ஞை கேட்டால் ரவுட்டர் அந்தச் சனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. புதிதாகப் போகும் சனலும் அதே வகை என்றால், அங்கே ஒரு நிமிடமாவது காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேசலாம். நீங்கள் காண்பது அந்த இடைவெளியாக இருக்கலாம். ரவுட்டர் அமைப்பில் சனல் ‘ஓட்டோ’வில் இருக்கும். அதை எடுத்துவிட்டு 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றைப் போடுங்கள். அதற்குப் பிறகும் மறைந்தால், ரவுட்டரின் மொடல் எண்ணோடு எழுதுங்கள்.