லிங்க்டு லிஸ்டில் சில நோடுகள் நீங்காமல் எஞ்சுவது ஏன்?

வணக்கம். 7, 7, 3, 7, 7 என்ற லிங்க்டு லிஸ்டிலிருந்து (ஒவ்வொரு உறுப்பும், அதாவது நோடும், ஒரு மதிப்பையும் அடுத்த நோடின் முகவரியையும் வைத்திருக்கும் பட்டியல்) எல்லா 7-ஐயும் நீக்க முயன்றபோது 7, 3, 7 எஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் லூப் (திரும்பத் திரும்ப இயங்கும் நிரல் பகுதி), தான் நிற்கும் நோடுக்கு அடுத்த நோடை நீக்கிய கையோடு ஓரடி முன்னேறிவிடுவதால், நீக்கியதன் இடத்திற்கு வந்து சேர்ந்த நோடு சோதிக்கப்படாமலேயே தங்கிவிடுகிறது. கடைசி 7 எஞ்சுவது அதனால்தான். முதல் 7-க்குக் காரணம் வேறு: எப்போதும் அடுத்த நோடையே பார்ப்பதால் தலை நோடு, அதாவது பட்டியலின் முதல் நோடு, சோதனைக்கே வருவதில்லை. தலைக்கு முன்னால் ஒரு போலி நோடை இணைத்து, பாயிண்டரை (லூப் இப்போது நிற்கும் நோடின் முகவரியை வைத்திருக்கும் மாறி) அதிலிருந்து தொடங்கி, எதையும் நீக்காத சுற்றில் மட்டும் நகர்த்துங்கள். தலைக்கென்று தனி நிபந்தனை எழுதுவதைவிட இது மிகத் தெளிவான வழி. இறுதியில் பழைய தலையை அல்ல, போலி நோடுக்கு அடுத்ததையே திருப்பி அனுப்ப வேண்டும். சி மொழியில் எழுதுவதால், நீக்கும் நோடின் முகவரியைத் தனி மாறியில் வைத்துக்கொண்டு, இணைப்பை மாற்றிய பிறகே நினைவகத்தை விடுவியுங்கள்.