காப்பர்-டிக்குக் காப்பீடு கிடையாது என்று நிறுவனம் சொல்லலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் வசிக்கிறோம். எச்-1பி விசாவில், ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு காப்பர்-டி பொருத்திக்கொள்ளும்படி மருத்துவர் சொன்னார். அதுவும் அவசரக் கருத்தடை மாத்திரையும் உரிமையாளர் குடும்பத்தின் மத நம்பிக்கைக்கு மாறானவை என்பதால் காப்பீட்டில் இடமில்லை, தினசரி மாத்திரைக்கு மட்டுமே உண்டு என்று மனிதவளப் பிரிவு மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. நான் இந்து, அவர்களுடைய நம்பிக்கை என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்? இது சட்டப்படி செல்லுமா? எதிர்த்துக் கேட்டால் என் விசாவுக்கு ஆபத்து வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் நிறுவனம் தன் பணத்திலிருந்து இந்தச் செலவை ஏற்க மறுப்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு, நிறுவனம் ஒதுங்கிக்கொண்டாலும் பெண்ணுக்கு அந்தச் சேவை வேறு வழியில் செலவின்றிக் கிடைத்துவிடும் என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் முதல் பாதி மட்டும் இருக்கிறது; இரண்டாவது பாதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஒபாமாகேர் என்று எல்லோரும் அழைக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், நோய்த்தடுப்புச் சேவைகளைக் கட்டணம் வாங்காமல் தர வேண்டும் என்று காப்பீட்டுத் திட்டங்களுக்கு விதித்தது. பெண்களுக்கு உரிய அத்தகைய சேவைகள் எவை என்பதைச் சட்டம் தானே சொல்லாமல், மத்திய சுகாதாரத் துறையின் ஒரு முகமையிடம் விட்டது. அந்த முகமை 2011 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெண்களுக்கென மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அங்கீகரித்த கருத்தடை முறைகள் அனைத்தும் இடம்பெற்றன. காப்பர்-டியும் அதில் அடக்கம். கருத்தடை என்பது நாடாளுமன்றம் எழுதிய வரியாக இல்லாமல் துறை எழுதிய விதியாக இருந்ததால், ஆட்சி மாறும்போதெல்லாம் விதிவிலக்குகளும் மாறின. இன்றுள்ள குழப்பத்துக்குப் பெரும்பங்கு காரணம் அதுவே.

தேவாலயங்களுக்குத் தொடக்கத்திலேயே முழு விலக்கு இருந்தது. மத அடிப்படையில் இயங்கும் மருத்துவமனை, கல்லூரி போன்ற லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு 2013-இல் ஒரு மாற்று ஏற்பாடு வந்தது. அமைப்பு தன் ஆட்சேபணையை எழுதிக் கொடுத்துவிட்டால், காப்பீட்டு நிறுவனமோ திட்டத்தை நிர்வகிக்கும் வெளி நிறுவனமோ கருத்தடைச் செலவைத் தனியாக ஏற்கும். அமைப்பும் பணம் தர வேண்டியதில்லை, பெண்ணும் தர வேண்டியதில்லை. லாபநோக்குள்ள நிறுவனங்களுக்கு மட்டும் இந்த வழி அப்போது திறக்கப்படவில்லை.

அந்த இடத்தில்தான் ஹாபி லாபி வழக்கு எழுந்தது. கைவினைப் பொருட்கள் விற்கும் அந்தக் கடைத்தொடரின் உரிமையாளர்களான கிரீன் குடும்பத்தினர் இருபது கருத்தடை முறைகளில் நான்கை மட்டும் எதிர்த்தார்கள்: இரண்டு அவசர மாத்திரைகள், கருப்பைக்குள் பொருத்தும் இரண்டு சாதனங்கள். உங்கள் நிறுவனம் மறுப்பவையும் ஏறத்தாழ இவையே. அது இந்தத் தீர்ப்பைப் பார்த்தே திட்டத்தை வகுத்திருக்கக்கூடும். சட்டத்துக்கு உட்படாவிட்டால் ஹாபி லாபி ஆண்டுக்கு 47.5 கோடி டாலர் வரை அபராதம் கட்ட நேரிடும் என்பது நீதிமன்றத்தின் முன் இருந்த கணக்கு. 2014 ஜூன் 30 அன்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், 1993-ஆம் ஆண்டு மத சுதந்திர மீட்புச் சட்டம் சிலர் கையில் மட்டும் பங்குகள் இருக்கும் தனியார் நிறுவனங்களையும் காக்கும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பில் உங்களுக்குப் பயன்படும் பகுதி எது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு ஒருவருடைய மத ஒழுக்கத்தின் மீது பெரும் சுமையை ஏற்றுவதானால், தன் நோக்கம் மிக முக்கியமானது என்பதையும், அதைவிடக் குறைந்த சுமையுள்ள வழி வேறெதுவும் இல்லை என்பதையும் காட்டியாக வேண்டும். பெண்களுக்குக் கட்டணமின்றிக் கருத்தடை கிடைக்கச் செய்வது முக்கியமான நோக்கம்தான் என்று நீதிமன்றம் வாதத்துக்காக ஏற்றுக்கொண்டது. அரசு தோற்றது இரண்டாவது கேள்வியில். லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு ஏற்கனவே ஒரு மாற்று ஏற்பாடு இருக்கும்போது, அதையே இந்த நிறுவனங்களுக்கும் விரிவுபடுத்தியிருக்கலாமே என்று நீதிமன்றம் கேட்டது. அப்படிச் செய்தால் பெண் பணியாளர்களுக்கு ஏற்படும் பாதிப்பு துல்லியமாகப் பூஜ்யம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோ குறிப்பிட்டார். எதிர்த்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி கின்ஸ்பர்க், கருப்பைச் சாதனம் ஒன்றுக்கு ஆகும் செலவு குறைந்தபட்ச ஊதியம் வாங்கும் பெண்ணின் ஒரு மாத முழுநேரச் சம்பளத்துக்கு ஏறத்தாழ இணையானது என்று சுட்டிக்காட்டினார். இரு தரப்பும் இவ்வளவு வேறுபட்டிருந்த வழக்கிலும், பெண்ணைக் கைவிட்டுவிடலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்லவில்லை.

உங்கள் நம்பிக்கை வேறு என்ற வாதம் நியாயமானது. ஆனால் நீதிமன்றத்தில் அது மட்டும் போதாது. உரிமையாளரின் நம்பிக்கை உண்மையானதா, அதன் மீது பெரும் சுமை விழுகிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். அந்த நம்பிக்கை மருத்துவ ரீதியில் சரியா, பணியாளர் எந்த மதத்தவர் என்பவற்றைப் பார்க்காது. என் கருத்தில் இது தராசின் ஒரு தட்டை மட்டும் பார்க்கும் முறை. சம்பளத்தின் ஒரு பகுதியாக உழைத்துப் பெறும் காப்பீடு, கொடுப்பவரின் தயவாகக் கருதப்படக் கூடாது. எனினும் இன்றைய சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு, 2015 ஜூலையில் மாற்று ஏற்பாடு உங்களுடையது போன்ற நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பங்குகள் சந்தையில் விற்கப்படாமல், பாதிக்கு மேற்பட்ட உரிமை ஐந்து அல்லது அதற்குக் குறைவானவர்கள் கையில் இருந்தால் போதும். ஒரே குடும்பத்தினர் ஒரு நபராகவே கணக்கிடப்படுவார்கள். ஆனால் எழுதிக் கொடுப்பதே தங்களைப் பாவத்தில் பங்காளிகளாக்குகிறது என்று சில மத அமைப்புகள் வாதிட்டன. 2016 மே மாதம், எட்டு நீதிபதிகளே இருந்த உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் வழக்கைக் கீழமை நீதிமன்றங்களுக்கே திருப்பி அனுப்பியது. பின்னர் டிரம்ப் அரசு 2018 நவம்பரில் வெளியிட்ட விதிகள், மத ஆட்சேபணை உள்ள எந்தத் தனியார் நிறுவனமும் முழு விலக்குப் பெறலாம், மாற்று ஏற்பாடு நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது என்று ஆக்கின. அலிட்டோ சொன்ன பூஜ்யம் அங்கே அழிந்தது. 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை பாதிக்கப்படலாம் என்ற அரசின் சொந்த மதிப்பீட்டையே கின்ஸ்பர்க் பின்னர் எடுத்துக்காட்டினார்.

அந்த விதிகளை எதிர்த்துப் பென்சில்வேனியாவும் உங்கள் நியூஜெர்சியும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. 2020 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய விலக்கை அளிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் சொன்னது. ஆனால் விதிகள் போதிய காரணத்துடன் இயற்றப்பட்டனவா என்ற கேள்வி மீதமிருந்தது. அதை மீண்டும் விசாரித்த, பென்சில்வேனியாவிலுள்ள மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் அவை தகுந்த காரணமின்றி இயற்றப்பட்டவை என்று ரத்து செய்தது. இது மேல்முறையீட்டுக்கு உரிய தீர்ப்பு. ஆகவே நீங்கள் நடவடிக்கை எடுக்கும் நாளில் நிலைமை என்ன என்று வழக்கறிஞர் ஒருவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ரத்து நிற்கும் வரை, மாற்று ஏற்பாட்டுக்கும் வழிவிடாமல் வெறுமனே மறுக்கும் நிறுவனத்தின் நிலை, அதற்கெனத் தனியே நீதிமன்ற ஆணை இல்லாவிட்டால், பலவீனமானது என்பதே என் கருத்து.

இனி உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு விவரம். உங்கள் திட்டம் நிறுவனம் பிரீமியம் கட்டி வாங்கிய பாலிசியா, அல்லது பணியாளர்களின் மருத்துவச் செலவை நிறுவனமே தன் நிதியிலிருந்து கொடுக்கும் திட்டமா? காப்பீட்டு அட்டையில் பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருப்பது இதற்கு விடையாகாது. இரண்டாவது வகையில் அந்த நிறுவனம் கணக்குப் பார்க்கும் வேலையை மட்டும் செய்யும். அமெரிக்காவில் வேலை வழியாகக் காப்பீடு பெறுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறார்கள்.

உங்களுடையது நியூஜெர்சியில் வழங்கப்பட்ட பாலிசியாக இருந்தால் நிலைமை பெரிதும் உங்கள் பக்கம். அந்த மாநிலச் சட்டம், மருந்துச் செலவை ஏற்கும் பாலிசிகள் மருத்துவர் பரிந்துரைக்கும் கருத்தடை முறைகளையும் ஏற்க வேண்டும் என்கிறது. மத விலக்கு தேவாலயங்களுக்கும் அவற்றின் கட்டுப்பாட்டிலோ பெரும்பகுதி ஆதரவிலோ இயங்கும் பள்ளிகளுக்கும் மட்டுமே. லாபநோக்குள்ள குடும்ப நிறுவனத்துக்குக் கிடையாது. 1993-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தைக் காட்டி மாநிலச் சட்டத்திலிருந்து தப்பவும் முடியாது. அந்தச் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. இந்த நிலையில் மாநில வங்கி மற்றும் காப்பீட்டுத் துறைக்கு நீங்கள் நேரடியாகப் புகார் அளிக்கலாம். மாறாக, நிறுவனமே பணம் தரும் திட்டமாக இருந்தால், பணியாளர் நலத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் எரிசா எனப்படும் 1974-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் அதைத் தொடாதபடி தடுத்துவிடும். அப்போது மாற்று ஏற்பாடே உங்கள் வழி.

ஆகவே முதல் வேலையாக, திட்டத்தின் முழு ஆவணத்தையும் அதன் சுருக்க விளக்கத்தையும் தரும்படி திட்ட நிர்வாகிக்கு எழுத்தில் கேளுங்கள். எரிசாவின்படி 30 நாட்களுக்குள் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 110 டாலர் வரை நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம். அதே கடிதத்தில், நிறுவனம் மத ஆட்சேபணையை முறைப்படி எழுதிக் கொடுத்திருக்கிறதா, அப்படியானால் எந்த நிறுவனம் கருத்தடைச் செலவைத் தனியாக ஏற்கிறது என்று கேளுங்கள். மாற்று ஏற்பாடு நடைமுறையில் இருந்தும் மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கே தெரியாமல் போவது உண்டு. அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் அழைத்து இதே கேள்வியைக் கேட்பதும் நல்லது. திட்டம் 2010 மார்ச் 23-க்கு முன்பிருந்து பெரிய மாற்றமின்றித் தொடரும் பழைய திட்டமா என்பதையும் பாருங்கள். அத்தகைய திட்டங்களுக்குக் கருத்தடை விதியே பொருந்தாது.

மாதப்போக்கு அதிகமாக இருப்பது போன்ற வேறு மருத்துவக் காரணத்துக்காக ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனத்தை உங்கள் மருத்துவர் பரிந்துரைக்கும் நிலை இருந்தால், அந்தக் காரணத்தை அவர் எழுத்தில் தரட்டும். கருத்தடை நோக்கத்தை மட்டும் விலக்கும் திட்டங்கள் பல, சிகிச்சை நோக்கத்தை விலக்குவதில்லை. இல்லாத நோயை எழுதச் சொல்லக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விசாவைப் பற்றிய உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. இந்தக் கேள்வியை எழுதாமலேயே கைக்காசு கொடுத்துவிடும் பெண்கள் பலர் என்பதையும் அறிவேன். எரிசா தரும் உரிமைக்கு விசா நிலை தடையல்ல. உரிமையைக் கேட்டதற்காக வேலையை விட்டு நீக்குவதையும் இடைஞ்சல் தருவதையும் எரிசாவின் 510-ஆம் பிரிவு தடுக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பீட்டு விதிகள் மீறப்படுகின்றன என்று நியாயமாக நம்பிப் புகார் சொன்னவரைப் பழிவாங்கினால், 180 நாட்களுக்குள் மத்தியத் தொழிலாளர் துறையில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா பிரிவில் முறையிடலாம். ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது: வேலை போனால் எச்-1பி விசாவில் இருப்பவருக்கு 60 நாட்கள் வரைதான் அவகாசம் கிடைக்கும், பழிவாங்கல் வழக்கு அதற்குள் முடியாது. எனவே கடிதங்கள் கண்டனமாக இல்லாமல் விவரம் கேட்பவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் நகலும் அலுவலகக் கணினிக்கு வெளியே உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும்.

பாலினப் பாகுபாடு என்று வழக்குத் தொடரலாமா என்றும் நீங்கள் யோசிக்கலாம். பிற மருந்துகளைத் தந்து கருத்தடையை மட்டும் விலக்குவது பாகுபாடே என்று மத்திய சம வேலைவாய்ப்பு ஆணையம் 2000 டிசம்பரில் முடிவு செய்தது. 2001-இல் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றம் அதையே சொல்ல, 2007-இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. உங்கள் நிறுவனம் தினசரி மாத்திரையை ஏற்பதாலும், மத சுதந்திரச் சட்டத்தைத் தற்காப்பாகக் காட்டும் என்பதாலும், இதை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணவருக்கு அவருடைய வேலையில் காப்பீடு இருந்தால், அடுத்த வருடாந்திரச் சேர்க்கைக் காலத்தில் அதற்கு மாறுவதுதான் பெரும்பாலும் எளிது. ஒரு சேவை மறுக்கப்பட்டது என்பதற்காக மட்டும் நடுவில் மாற முடியாது. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர்கள் காப்பீடு வாங்குவதற்கென உள்ள அரசுச் சந்தையில் தனியாகப் பாலிசி வாங்கினால் காப்பர்-டி கட்டாயம் கிடைக்கும். ஆனால் நிறுவனத்தின் திட்டம் கட்டுப்படியாகும் என்று கணக்கிடப்பட்டால் பிரீமியத்துக்கு அரசு மானியம் வராது. மருத்துவச் செலவுக்கென வரிச்சலுகையுடன் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் கணக்கு இருந்தால் அதிலிருந்து செலுத்தலாம். மத்திய நிதி பெறும் குடும்பநல மருத்துவ மையங்களில் வருமானத்துக்கேற்பக் கட்டணம் குறையும்.

மருத்துவமனைக்குச் சென்று முறையாகக் கோரிக்கை வைத்து, அது மறுக்கப்பட்ட கடிதத்தை வாங்கிவிடுங்கள்; மனிதவளப் பிரிவின் மின்னஞ்சல் அந்த இடத்தை நிரப்பாது. மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் திட்டத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் நீதிமன்றம் சென்றால் வழக்கு பெரும்பாலும் வாசலிலேயே தள்ளுபடியாகும். அந்த மேல்முறையீட்டுக்கான பதிலும் திட்ட ஆவணமும் கைக்கு வந்ததும், எரிசா வழக்குகளில் அனுபவமுள்ள ஒருவரிடம் இரண்டையும் காட்டுங்கள். மத்தியத் தொழிலாளர் துறையின் பணியாளர் நலப் பாதுகாப்புப் பிரிவிலும் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.